தேதி எழுதிய காட்ரிஜ்கள்

பல்லேபொலயில் தெருவுக்கே ஒரு பிரின்டர். அது ஜெஸீமா வீட்டில். சவூதியிலிருந்து புருஷன் அனுப்பியது. மை குறைகிறதென்று விளக்கு மினுங்கினால் அவள் கணக்கே எடுக்கமாட்டாள். காட்ரிஜைக் கழற்றி, மருந்துப் போத்தல் மாதிரிக் குலுக்கித் திரும்பப் போடுவாள். இன்னும் பத்துப் பக்கம் ஓடும் என்பாள். ஓடவும் செய்யும். பிரின்டருக்கே அவளிடம் பயம் என்று தெருவில் பேச்சு.

யுத்தம் நடந்த 2007இல் ஒரு திங்கட்கிழமை, பக்கத்துத் தோட்டத்துச் சந்திரகாந்தா மூச்சிரைக்க வந்தாள். கொழும்பில் கடைவேலை பார்த்த அவள் புருஷன் கணபதியை லொட்ஜில் வைத்துச் சந்தேகத்தில் பொலிஸ் பிடித்துவிட்டதாம். இன்ன ஊர்க்காரன் என்று கிராம சேவகர் கடிதம் கொடுத்தால் விடுவார்களாம். கடிதத்தை அடித்துக் கொண்டுபோனால் அவர் கையெழுத்து வைப்பார், ஆனால் நாலு மணிக்குப் போய்விடுவார்.

விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. ஜெஸீமா குலுக்கினாள். கடிதம் வந்தது, அடையாள அட்டை இலக்கத்தின் குறுக்கே மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. மாத்தளைக்குப் போய்ப் புதுக் காட்ரிஜ் வாங்கிவர நேரமில்லை. இலக்கத்தின் மேல் கறுப்புப் பேனையால் எழுதிவிட்டாள். பெரிய கெட்டிக்காரி.

மறுநாள் மாலை சந்திரகாந்தா தனியாகத் திரும்பினாள்.

"நம்பர பேனையால மாத்தியிருக்குன்னாங்க அக்கா. கள்ளக் கடிதமாம். யாரு அடிச்சதுன்னு கேட்டாங்க." தரையைப் பார்த்தாள். "ஒங்க பேரச் சொல்லிட்டேன்."

புதன்கிழமை ஜெஸீமா புதுக் காட்ரிஜ் வாங்கிப் போட்டாள். பழையதை எறியப் போனவள், என்ன நினைத்தாளோ, பேப்பரில் சுற்றி அலுமாரியில் வைத்தாள். தெருவில் எந்த வண்டி வந்தாலும் அவள் கை நின்றது. ரொட்டி விற்கும் பாண்காரனின் வண்டிக்கும் நின்றது.

வியாழன் காலை பொலிஸ் ஜீப் வந்தது. அதிகாரி உட்காரவில்லை. அந்தக் கடிதத்தையே மறுபடி அடிக்கச் சொன்னார். இலக்கம் பளிச்சென்று விழுந்தது. கோடே இல்லை.

"காட்ரிஜ் எப்ப மாத்தின?" சிங்களத்தில், மெதுவாகத்தான் கேட்டார்.

எதையோ மறைக்க மாற்றியது போலாகிவிட்டதென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேற்று என்றாள். அலுமாரியைத் திறந்து பழையதை எடுத்துப் போட்டாள். மூன்றாம் தடவைதான் சரியாகப் பொருந்தியது. தாள் வந்தது. அதே இலக்கத்தின் குறுக்கே அதே வெள்ளைக் கோடு. அதிகாரி தான் கொண்டுவந்த பேனைக் கடிதத்தையும் இதையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு தாள்களையும் பழைய காட்ரிஜையும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

கணபதி சனிக்கிழமை வந்தான். இடது காது கேட்கவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை.

இப்போது விளக்கு முதல்தரம் மினுங்கினாலே ஜெஸீமா மாற்றிவிடுகிறாள். இன்னும் மை கிடக்கிறதே என்று தெரு சிரிக்கிறது. கழற்றியதில் தேதி எழுதி அலுமாரியில் அடுக்குகிறாள். கணபதிக்கு ஒரு கடிதம் என்றால் மட்டும், விளக்கு மினுங்கும்வரைகூடக் காத்திருப்பதில்லை.