விரதத்தில் சேராத தேநீர்

என்னைக் கண்டால் அஸ்மான் சோற்றை ஒளித்துவைப்பான். மலேசியாவின் தம்போயில் நாங்கள் இருவரும் வேலை செய்யும் கார் பட்டறையில், காலைப் பத்து மணிக்கு அவன் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தால், தேங்காய்ப்பால் சோறும் சம்பாலும் கலந்த மணத்துக்கு எஞ்சின் ஆயிலே வெட்கப்பட்டு ஒதுங்கும். சில வாரங்கள் அந்த மணத்தைத் தூக்கிக்கொண்டு அவன் லாரிக்குப் பின்னால் போய்விடுவான். காரணம் நான்தான். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டவனிடம், நோன்புக்கு எனக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல்லை, "புவாசா" என்று சொல்லிவைத்தேன். நோன்பிருப்பவன் எதிரில் உண்பது அவன் வளர்ந்த முஸ்லிம் வீட்டில் மரியாதை இல்லை.

என்னிடம் நோன்பு கேட்டது கடவுள் அல்ல, கிளினிக் டாக்டரம்மா. இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். "சீனி ஏறிப்போச்சு அண்ணே. மூணு மாசம் பாப்போம். எறங்கலன்னா மாத்திரைதான் லா." இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்து, மறுநாள் நண்பகல்வரை வயிற்றைப் பூட்டிவைக்க வேண்டும். உண்ணாத நேரத்தில் இன்சுலின் தணியும். உடம்பு முதலில் கல்லீரலில் பதுக்கிய சர்க்கரையையும், பிறகு என் தொந்தியையும் எரிக்கத் தொடங்கும். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் கும்பகோணத்தில் இருக்கும் என் மனைவி செல்வி போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள்: "மாத்திரைன்னு ஆச்சுன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்கு வந்துருங்க." மகள் படிப்பு முடியும்வரை நான் எந்த மூட்டையைக் கட்டுவது?

ஒருநாள் காலை, முனைக் கடையில் கெட்டிப் பாலும் சீனியும் கலந்து ஆற்றிய, நுரை ததும்பும் தே தாரிக் தேநீரோடு அஸ்மான் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தான்.

"அலமாக்! அண்ணே, இது என்ன புவாசா? எங்களுக்குத் தண்ணிகூடக் கூடாது."

என் அம்மா சஷ்டி விரதம் முழுக்கக் காபியில்தான் மிதப்பார். பால், பழம், காபி எதுவும் எங்கள் வீட்டு விரதத்தைத் தொடாது. "எங்க ஊர்ல குடிக்கிறது விரதத்துல சேராது" என்று என் ஓட்டை மலாயில் விளக்கினேன்.

அவன் கிளாஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "உங்க சாமி ரொம்ப நல்லவரு."

மூன்று மாதம் கழித்தும் சீனி இறங்கவில்லை. நடந்ததைக் கேட்டு டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அந்தக் கெட்டிப் பாலுக்கா? சாமி விட்டுக்கொடுப்பாரு அண்ணே, இன்சுலின் விட்டுக்கொடுக்காது. ஒவ்வொரு கிளாஸுக்கும் எழுந்து வந்து நிக்கும். இன்னொரு மூணு மாசம், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து பாலும் சீனியும் இல்லாத கறுப்புத் தேநீர். இந்த முறை சீனி இறங்கியது. மாத்திரை தள்ளிப்போனது, மூட்டையும். அஸ்மான் இப்போது என் எதிரிலேயே பொட்டலத்தைப் பிரிக்கிறான், கொஞ்சம் பழிவாங்கும் நிதானத்தோடு.

ஒன்று மட்டும் வழிக்கு வரவில்லை. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன், பழகிய சாப்பாட்டு வேளையில் வந்து கதவைத் தட்டிவிட்டுத் தானாகப் போய்விடுமாம். எனக்கு அது பத்தரைக்கு வருகிறது. ஊரில் அப்போது காலை மணி எட்டு, எங்கள் வீட்டு இட்லி வேளை. போன் திரையில் செல்வி இட்லிக் கொப்பரையைத் திறக்கிறாள், ஆவியில் முகம் மறைகிறது. "சாப்ட்டீங்களா?" என்கிறாள். பூட்டிய வயிறு தம்போயில் காத்திருக்கிறது. வாய் மட்டும் கும்பகோணத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது.