ஆறாவது குட்டிக்கு நேர்கோடு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ராஜபாளையம் போய் நாய்க்குட்டிகளுக்குக் காது சோதித்துக்கொண்டிருந்தேன். கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு. பால் வெள்ளையும் ரோஜா நிற மூக்குமாகப் பிறக்கும் குட்டிக்குத்தான் அங்கே மதிப்பு. அந்த வெள்ளையோடு சில குட்டிகளுக்குச் செவிடும் சேர்ந்தே வரும். தட்டைத் தட்டிப் பார்த்துத் திரும்பாத குட்டியைச் சாக்கில் கட்டிக் கிணற்றில் போட்டுவிடுவார்கள். அதைவிட நல்ல சோதனை என்னிடம் இருக்கிறது என்ற கொழுப்பு எனக்கு நிறையவே இருந்தது.

பால் குடித்துத் தூங்கும் குட்டியின் தலைத்தோலில் மெல்லிய ஊசிகளைச் செருகி, காதில் இயர்போனை வைத்து டிக் டிக் என்று ஒலி கொடுப்பேன். கேட்டால் மூளையின் சிக்னல் திரையில் மேடு மேடாக எழும். கேட்காவிட்டால் கோடு படுத்தே கிடக்கும். செவிட்டுக் குட்டிகளைக் கைச்சைகையால் பழக்கலாம், கொல்ல வேண்டியதில்லை என்று காட்டத்தான் இந்த ஆராய்ச்சி. அதனாலேயே, முடிவை வளர்ப்பவர்களிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்று பேராசிரியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஒரு மில் தொழிலாளி வீட்டில் ஆறு குட்டிகள். ஸ்பின்னிங் மெஷின் பக்கத்தில் இருபது வருஷம் நின்று அவருக்கே காது மந்தம். முதல் ஐந்து குட்டிகளுக்கும் மேடு எழுந்தது. ஆறாவது, நான் வந்ததிலிருந்து என் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்த பெட்டைக் குட்டி. அதற்கு இரண்டு காதிலும் நேர்கோடு. அவர் மனைவி என்ன சார் என்று கேட்டார். எனக்கு ஓட்டை வாய், சொல்லிவிட்டேன். பயந்துபோய் உடனே கைச்சைகை பற்றியும் விளக்கினேன். மனைவி அதை அவரிடம் கத்திச் சொன்னார்.

"எனக்குக் காது கேக்கலைன்னுதான சார் நாயே வளக்கேன்" என்றார் அவர். பிறகு நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை அறையில் மெஷினைத் துடைக்கும்போது இயர்போனைச் சும்மா என் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. வயரை வளைத்தால் டிக் டிக், விட்டால் நின்றது. உள்ளே கம்பி அறுந்திருந்தது. அந்தக் குட்டிக்கு நான் ஒலியே கொடுக்கவில்லை.

சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடினேன். பஸ் கிளம்பாமல் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. கண்டக்டரிடம் கெஞ்சினேன்; பஸ்ஸைத் தலையில் தூக்கிக்கொண்டா ஓடமுடியும் என்று சிரித்தார். சாமியே கும்பிடாத நான், ஜன்னல் வழியே கோபுரத்தைப் பார்த்து வேண்டினேன். ஷிப்ட் முடிந்து வந்த அசதியில் அந்த மனுஷன் முதலில் படுத்துத் தூங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல். வழியெல்லாம் நின்று நின்று போன பஸ்ஸை வாய்க்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். கொல்லையில் தாய் நாய் படுத்திருந்தது. மடியில் ஐந்து குட்டிகள். திரும்ப எண்ணினேன். ஐந்துதான்.

அவர் மனைவியிடம் வயர் அறுந்த விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டியிருக்கலாம், நாலு பேரைக் கூட்டியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார்.

"வந்ததும் வராததுமா அவிய தூக்கிட்டுப் போனாவ சார். மனசு கேக்காம நான் பின்னால இருந்து ஒருக்கா கூப்பிட்டேன். சாக்குக்குள்ள இருந்து தலைய நீட்டி என்னையத் திரும்பிப் பாத்துச்சு. நிறுத்தச் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. மெஷினே சொல்லிருச்சு, நமக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."