வாத்தியார் ஏன் துண்டை வீசினார்

சிவகாசியில் ஆண்டிச்சாமி எழுதியதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. ஐம்பத்தேழாம் வருஷம் வரைக்கும் கிடையாது.

அவர் ஒரு லித்தோ அச்சகத்தில் மெஷின்மேன். பட்டாசு லேபிளும் தீப்பெட்டி லேபிளும் அச்சாகிற இடம். நிறம் விலகிப் பாழாகிற தாளுக்குப் பஞ்சமே இருக்காது. ஒரு பக்கம் மயிலுக்கு நாலு கண் இருக்கும், மறுபக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் வாரம் ஒரு படத்தைப் பற்றித் தூரிகையால் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் ரத்தினசாமி காப்பிக்கடையின் பக்கச் சுவரில் ஒட்டிவிடுவார். பேர் போட மாட்டார். கடைசி வரியில் ஒரே சொல்: ‘போகலாம்’, இல்லையென்றால் ‘வேண்டாம்’. ‘வேண்டாம்’ என்று விழுந்துவிட்டால் அன்று சாயங்காலமே தியேட்டரில் தரை தெரியும். மேனேஜர் சோலைச்சாமி திங்கட்கிழமைகளில் காப்பிக்கடைப் பக்கம் தலைகாட்டாமல் இருந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்த வருஷம் மாசி மாதம் ஓர் இங்கிலீஷ் படம் வந்தது. பாக்சிங் படம். வசனம் யாருக்குப் புரியப்போகிறது? சண்டை இருக்கிறது, போதும் என்று ஊரே போனது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஓர் இளவட்டம், அவனுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிற கிழட்டு வாத்தியார் ஒருத்தர். பையன் ஒவ்வொருத்தனாக அடித்து மேலே வருகிறான். கடைசிச் சண்டையிலும் அவன் கைதான் ஓங்கியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து வாத்தியார் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேடைக்குள் வீசிவிடுகிறார். வீசினால் தோல்வி என்று அர்த்தம். சண்டை முடிந்துபோகிறது. பையன் வாத்தியார் நெஞ்சில் குத்திக் குத்தி அழுகிறான். இரண்டு பேரும் நடந்து போகிறார்கள். படமும் முடிந்துவிட்டது.

தியேட்டரே ஊளையிட்டது. ஆண்டிச்சாமி திங்கட்கிழமை எழுதினார்: “ஜெயிக்கிற பிள்ளையை வாத்தியாரே தோற்கடிக்கிறார். காரணம் கிடையாது. பயந்தாங்கொள்ளி வாத்தியார், கிறுக்குப் பிடித்த கதை. வேண்டாம்.”

மறுநாள் சாயங்காலம் அவர் மண்ணெண்ணெய் தொட்டு உருளையில் மை துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பொம்பளை நிற்பதாக வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு நேராக வந்திருக்கிறாள். விரல் நுனியெல்லாம் குச்சி அடுக்கி அடுக்கிக் காய்த்துப்போயிருந்தது.

“சுவத்துல எளுதுறது நீங்கதானா அண்ணாச்சி?”

தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டாள். ஆண்டிச்சாமி வாய் நிறைய வெற்றிலையோடு, “ஆமா, என்ன இப்போ?” என்றார்.

“வெத்தலையைத் துப்பிட்டுப் பேசுங்க. எனக்குக் காது கேக்காது. வாயைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடுவேன்.”

இதுவரை யாரும் அவரிடம் வெற்றிலையைத் துப்பச் சொன்னதில்லை. துப்பினார்.

“தப்பா எளுதிட்டீக அண்ணாச்சி. வாத்தியார் பயந்தவரு இல்ல. அந்தப் பையனுக்கு இடது காது செத்துப்போச்சு. அடி வாங்கி வாங்கிப் போயிருக்கு. வாத்தியாருக்குத் தெரிஞ்சுபோச்சு, பையனுக்கே இன்னும் தெரியல. இன்னும் ரெண்டு அடி விளுந்தா மத்ததும் போயிரும்னுதான் துண்டை வீசுறாரு.”

ஆண்டிச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. “நீ எங்கன கண்ட இதை?”

“படத்துலதான். நீங்க எங்கன பாத்துக்கிட்டிருந்தீக?”

அவள் பேர் வெள்ளைத்தாய். திருத்தங்கல்காரி. அம்மாவும் அவளும் மட்டும். அம்மா சோலையம்மாள் காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவள். மகளை அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிக்கவைத்துவிட்டு நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அனுப்பினாள். பதினாலாம் வயதில் பக்கத்து அறை வெடித்தது. வெள்ளைத்தாய் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. பிழைத்துக்கொண்டாள் என்று குலசாமிக்குப் பொங்கல் வைத்தார்கள். அதற்கப்புறம் அம்மா அவளைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு மாற்றிவிட்டாள்.

“எனக்கும் மொதல்ல ஒரு காதுதான் போச்சு அண்ணாச்சி,” என்றாள். “போனது எனக்கே தெரியாது. கூப்பிட்டா தலையைத் திருப்பி வலது பக்கத்தைக் காட்டுவேன். எங்கம்மாவுக்குக்கூடத் தெரியல. பக்கத்துல குச்சி அடுக்குற சுப்புத்தாய் அக்காதான் கண்டுபிடிச்சுது. ஒண்ணும் சொல்லாம இடம் மாறி என் வலது பக்கம் வந்து உக்காந்துக்கிடுச்சு. அந்த வாத்தியாரும் அதைத்தான் செய்யிறாரு. போய்ப் பாருங்க. நாளையோட படம் கடைசி.”

சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போயே போய்விட்டாள்.

ஆண்டிச்சாமி புதன்கிழமை அரை நாள் லீவு போட்டார். பதினேழு வருஷத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத ஆள். பகல் காட்சிக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அதுவும் அவர் எழுதிய எழுத்தின் வேலைதான். அவள் சொன்னதைப் பொய்யாக்கிவிட்டு வர வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார்.

முதல் பாதியில் வாத்தியார் பையனுக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கிறார். இடது பக்கம் நின்று பேசுகிறார், தோளைத் தட்டுகிறார். நாலாவது சண்டை முடிந்த பிறகு ஒரு காட்சி. பையன் சுவரைப் பார்த்து நின்று குத்திப் பழகுகிறான். வாத்தியார் அவனுக்கு இடது பக்கமாகப் பின்னால் வந்து, கையிலிருந்த தகர வாளியைக் கீழே போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் தியேட்டரே சிரித்தது. கிழவனுக்குக் கை நடுங்கி வாளி நழுவிவிட்டது என்று ஆண்டிச்சாமியும் சேர்ந்துதான் சிரித்தார். இப்போது பார்த்தால் வாளி நழுவவில்லை. வாத்தியார் வேண்டுமென்றே விரலை விரிக்கிறார். வாளி உருண்டு ஓடுகிறது. சத்தம் கேட்டுப் பையன் வலது பக்கம் தேடுகிறான்; இடது பக்கம் திரும்பவே இல்லை. வாத்தியார் குனிந்து வாளியை எடுக்கிறார். நிமிரும்போது அவர் முகம் பத்து வயது கூடிக் கிடக்கிறது.

அதற்கப்புறம் படம் முடிகிற வரைக்கும் அந்த மனுஷர் பையனுக்கு வலது பக்கம்தான். முக்காலியை வலது பக்கம் நகர்த்திப் போடுகிறார். ரோட்டில் நடக்கும்போது சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் சேர்ந்துகொள்கிறார். ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை.

ஆண்டிச்சாமிக்கு ரோமக்காலெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. இவ்வளவும் திரையில்தான் இருந்திருக்கிறது. ஆயிரம் பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஒருத்தருக்கும் தெரியவில்லை. காது கேட்காத ஒருத்தி, பெண்கள் பக்கத்து மூங்கில் தட்டிக்கு அந்தப் புறம் தரையில் உட்கார்ந்து, ஒரே தடவையில் அத்தனையையும் பார்த்திருக்கிறாள். துண்டு பறந்து வந்து விழுந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை சுவரில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. “போன திங்கட்கிழமை எழுதியது முழுத் தப்பு. பார்க்கத் தெரியாமல் எழுதிவிட்டேன். வாத்தியார் துண்டை வீசியது பிள்ளையின் காதைக் காப்பாற்ற. இதைக் கண்டு சொன்னவர் திருத்தங்கல் வெள்ளைத்தாய். படம் போய்விட்டது. திரும்ப வந்தால் போகலாம்.”

ரத்தினசாமி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, “என்ன ஆண்டிச்சாமி, ஒரு தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளை பேரைச் சுவத்துல போட்டிருக்க?” என்றார்.

“அந்தப் பிள்ளை பாத்தது அம்புட்டையும் போடணும்னா உம்ம சுவரு பத்தாது,” என்றார் ஆண்டிச்சாமி.

அதிலிருந்து திங்கட்கிழமை சாயங்காலம் அச்சக வாசலில் இரண்டு பேரும் பேசுவது வழக்கமாகிவிட்டது. தாள் செவ்வாய்க்கிழமைக்கு மாறியது. ஊரில் ஒன்றிரண்டு பேர் வாயில் விழுந்து புறப்படாமல் இல்லை. சோலையம்மாளே ஒருநாள் மகளோடு வந்து, ஒரு மணி நேரம் நின்று கேட்டுவிட்டு, “சினிமாக் கதைதான் பேசுதுக, பேசிட்டுப் போகட்டும்” என்று கிளம்பிவிட்டாள்.

மற்றப் படங்களைப் பற்றி அவள் அதிகம் பேச மாட்டாள். “வாயை மட்டும் அசைக்கிறாக, ஒடம்பு சும்மா நிக்குது” என்பாள், அதோடு சரி. பாக்சிங் படம் வந்தால் மட்டும் முகம் மாறிவிடும். நாலைந்து வருஷத்தில் மூன்று வந்தன. ஒன்றில் வாத்தியார் எதிராளியிடம் விலைபோகிறார். அது தெரியவருவதற்கு வெகு முன்னாலேயே, பையன் முகத்தைத் துடைக்கிறபோது வாத்தியார் அவன் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டார் என்று இவள் பிடித்துவிட்டாள். இன்னொன்றைப் பற்றி, “அடிக்கிறது நெசம், அடி வாங்குறது பொய்” என்று ஒரே வரி. ஆண்டிச்சாமி ஒரு சொல் மாற்றாமல் அப்படியே எழுதினார்.

அறுபத்திரண்டில் மூன்றாவது படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி, தியேட்டர் நிறைந்த கூட்டம். படம் பாதியைத் தாண்டுகிற நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. மெஷினில் சத்தத்துக்கான பல்பு போய்விட்டது, மாற்றுப் பல்பு மதுரையிலிருந்துதான் வர வேண்டும். திரையில் குத்து விழுகிறது, சத்தமில்லை. ஒரு நிமிஷம் பொறுத்தார்கள். அப்புறம் விசில், கூச்சல். பெஞ்சு ஒன்று கவிழ்ந்தது. மேனேஜர் சோலைச்சாமி வெளிறிப்போய்ப் படத்தை நிறுத்த ஓடினார்.

தட்டிக்கு அந்தப் பக்கம் வெள்ளைத்தாய் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரைக்கும் படம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டிச்சாமி தட்டி ஓரத்துக்குப் போய் அவள் முகத்துக்கு நேராக நின்று, “சத்தம் போயிருச்சு தாயி. ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. நீ சொல்லு” என்றார்.

“நானா? இம்புட்டுப் பேருக்கா?”

“உன் தொண்டைக்கு இந்தக் கொட்டகை எம்மாத்திரம்? சொல்லு தாயி.”

 அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.

“சத்தம் போடாதீக. அந்தா பாருங்க, பையனுக்கு மூச்சு அடைக்குது. வாத்தியாரு அவனுக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கல, வாயைக் கொப்புளிக்கத்தான் குடுக்காரு. முளுங்காதலேங்காரு. இப்போ எதிராளி காலைப் பாருங்க, வலது கால்ல பாரத்தைப் போட மாட்டேங்கான். வாத்தியாரு அதைக் கண்டுட்டாரு. பையன் இன்னும் காணல...”

கூச்சல் முதலில் முன்பக்கம் அடங்கியது. அப்புறம் பெஞ்சுப் பக்கம். நிறுத்த ஓடிய சோலைச்சாமி வழியிலேயே நின்றுவிட்டார். மெஷின் ஓடுகிற கடகடப்பும் அவள் குரலும் மட்டும்தான். அவள் காலைப் பார் என்றால் ஆயிரம் கண்ணும் காலைப் பார்த்தது. வாத்தியார் கயிற்றைப் பிடித்திருக்கிற கையைப் பார் என்றாள்; நரம்பு புடைத்திருந்தது. அவள் சொல்லாவிட்டால் அந்தக் கையை யார் பார்த்திருப்பார்கள்? கடைசிச் சுற்றுக்கு முன்னால் வாத்தியார் பையனின் பிடரியில் கைவைத்து ஏதோ சொன்னார். வெள்ளைத்தாயின் குரல் இறங்கியது. “ஜெயிச்சது போதும்யா, வீட்டுக்குப் போவோம்ங்காரு. பையன் மாட்டேன்னு எந்திரிச்சிட்டான்.”

பையன் ஜெயித்தான். கை தட்டல் கூரையைத் தூக்கியது. அவளுக்கு அது கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோதுதான் எல்லோரும் தன்னைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள் என்று தெரிந்தது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

புதுப் பல்பு வந்து அடுத்த வாரமும் அந்தப் படமே ஓடியது. ஆண்டிச்சாமி, இங்கிலீஷ் தெரிந்த பள்ளிக்கூட வாத்தியார் லட்சுமிகாந்தத்தைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து வரிக்கு வரி கேட்டார். தண்ணீரை விழுங்காதே என்றுதான் இருந்தது. எதிராளிக்குக் கால் சரியில்லை என்றுதான் இருந்தது. லட்சுமிகாந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஓர் இடம்தான் உதைத்தது. பிடரியில் கைவைக்கிற இடத்தில் வாத்தியார் சொல்வது, “போ, இன்னும் ஒரு சுற்று, அவனை முடித்துவிடு” என்பதாம்.

திங்கட்கிழமை ஆண்டிச்சாமி தயங்கித் தயங்கி அதை அவளிடம் சொன்னார். 

“வாய் அப்படித்தான் சொல்லியிருக்கும் அண்ணாச்சி. நான் கையைப் பாத்தேன். போன்னு சொல்ற கை தள்ளும். அது இளுத்துப் பிடிச்சுக்கிட்டுல்லா இருந்துச்சு.”

அவர் அன்று எதுவும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தார், முடியவில்லை. எழுதிப் பழகிய இத்தனை வருஷத்தில், தான் படத்தின் ஓரத்தைக்கூடத் தொட்டதில்லை என்று தோன்றியது. அது வருத்தமாக இல்லை. மலை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

சோலைச்சாமி தாமே திருத்தங்கலுக்குப் போனார். இங்கிலீஷ் படம் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இதே மாதிரி கதை சொல்ல வேண்டும் என்று கேட்டார். வெள்ளைத்தாய் முடியாது என்றுவிட்டாள். “பேசிக்கிட்டே இருந்தா நான் எப்போ பாக்குறது? அன்னைக்கு நீங்க தவிச்சீக, சொன்னேன்.” அவர் விடவில்லை, சும்மா வந்து பார்க்கவாவது வேண்டும் என்று, பெண்கள் பக்கம் முதல் வகுப்பு நாற்காலிக்கு ஆயுசுக்கும் பாஸ் எழுதிக் கொடுத்தார். களையெடுத்த வீட்டுப் பெண் அந்த நாற்காலியில் உட்காருவதைப் பார்க்கவே சிலர் வந்தார்கள். அவள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். பாதிப் படத்தில் எழுந்து, முன்னால் தரைக்கே வந்துவிட்டாள்.

ஏன் என்று ஆண்டிச்சாமி கேட்டதற்கு, “அங்கன இருந்து பாத்தா மூஞ்சி சின்னதாத் தெரியுது அண்ணாச்சி” என்றாள்.