ஆடு நுழைந்த கேட்டும் வேல்ஸ் நாட்டுப் பாட்டும்

1. ஆடு

கேட்டை நிறுத்திப் பூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு ஆடு உள்ளே போய்விட்டது. கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டது, உடம்பைக் குறுக்கியது, நேராகச் செம்பருத்திச் செடியிடம் போய் நின்றது.

"இன்னா செல்வம், கேட்டு போடச் சொன்னா ஆட்டுக்கு வழி போட்டுக் குடுத்துக்கிறியே!" என்றார் வீட்டுக்கார ருக்மணி அம்மா.

தங்கச் சுரங்கம் இருந்த எங்கள் ஊரில், மைசூர் மைன்ஸ் பகுதியில் அவர் கட்டிய புது வீடு அது. வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். நான் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற வெல்டர். படித்தது ஐந்தாம் வகுப்பு. கஸ்டமரிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். டிசைன் புக்கை நீட்டிவிடுவேன். அவர்கள் மயில் மேலோ தாமரை மேலோ விரல் வைப்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ருக்மணி அம்மா மட்டும் புக்கை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்திருந்தார். "தெருவெல்லாம் மயிலுதான் நிக்குது. உனக்கு இன்னா தோணுதோ அதைப் பண்ணு."

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நானே யோசித்துச் செய்த முதல் கேட் அது. ஆட்டைப் பார்த்ததும் அவரே, "எல்லாத்தையும் புடுங்கிட்டு புக்குல கீற மயிலையே வெச்சிடு சாமி" என்றார். அன்றைக்கு அதற்குத் தலையாட்டியிருந்தால் அப்புறம் ஆயுசுக்கும் மயில்தான் செய்திருப்பேன்.

2. ரயிலில் வந்த பாட்டு

அந்தக் கம்பிகள் ஏன் அப்படிச் சமமில்லாமல் நின்றன என்று சொல்ல வேண்டும். சொந்தக் கடை போடுவதற்கு முன்பு சில வருஷம் நான் பெங்களூரில் ஒரு ஒர்க் ஷாப்புக்கு வேலைக்குப் போனேன். எங்கள் ஊர் ஸ்டேஷனான மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் பக்கத்தில் பிரகாசம் உட்காருவார். ஆபீஸ் வேலை, எந்நேரமும் காதில் பாட்டு. ஒருநாள் ஒரு இயர்போனை என் காதில் சொருகிவிட்டார்.

"இன்னாண்ணே, ஒரே இடியா கீது?" என்றேன்.

"ராக் பேண்டுப்பா. வேல்ஸ்னு ஒரு நாடு. இவனுங்க ஊரும் நம்மூரு மாதிரிதான். அங்க கரி மைன்ஸ். மூடிட்டாங்க. இவனுங்க அதையும் சேத்து வெச்சு கத்துறானுங்க."

என் அப்பா தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்ட் இறங்கியவர். மைன்ஸ் மூடினபோது எங்கள் வீட்டில் ஒருவரும் கத்தவில்லை. பேசக்கூட இல்லை. பாட்டில் ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் பங்காருபேட்டை வருவதற்குள் இன்னொரு தடவை போடச் சொல்லிவிட்டேன். அன்று பிடித்த பழக்கம், இன்றுவரை அவர்கள் பாட்டு இல்லாமல் நான் வெல்டிங் கிளாஸைக் கையில் எடுப்பதில்லை. குழுவின் பெயரை நான் உச்சரித்தால் என் மகள் சிரிக்கிறாள். அதனால் இங்கே எழுதவில்லை.

3. கட்டை

எங்கள் வேலையில் கம்பிகளுக்கு நடுவே ஒரு மரக்கட்டையை வைத்து வைத்துத்தான் பற்றவைப்போம். இடைவெளி எல்லாம் ஒரே அளவாக வரும். ருக்மணி அம்மாவின் கேட்டுக்கு நான் அந்தக் கட்டையை எடுக்கவே இல்லை. எனக்குப் பிடித்த பாட்டின் டிரம் அடியைக் கேட்டுக்கொண்டே கம்பி வைத்தேன். அடி நெருங்கி வந்த இடத்தில் கம்பி நெருக்கம். அடி நின்று வந்த இடத்தில் அகலம். அந்த அகலத்தில்தான் ஆடு போனது.

"புடுங்குறியா இல்லியா, வாயைத் தொறந்து சொல்லேன்" என்றார் அவர்.

போனை எடுத்துப் பாட்டைப் போட்டேன். பாட்டோடு சேர்ந்து ஸ்பேனரால் கம்பி கம்பியாகத் தட்டிக்கொண்டு கேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனேன்.

அவர் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒரு காதை மட்டும் திறந்தார்.

"இன்னாய்யா இது, காட்டுக் கத்தல்." கொஞ்ச நேரம் கேட்டைப் பார்த்தார். "இன்னொரு தபா தட்டு."

தட்டினேன்.

"கொட்டு நல்லாத்தான் கீது. இருக்கட்டும். ஆனா வெள்ளிக்கிழமை ஆடு உள்ள பூரக் கூடாது. பூந்துச்சு, உன்னையே குறுக்க நிக்க வெச்சிருவேன்."

கடைக்கு வந்து அதே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதுவரை டிரம்மை மட்டுமே கேட்டிருக்கிறேன். டிரம் நிற்கிற இடங்களில், அடியில் மெல்லிசாக ஒரு கிட்டார் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. காலி என்று நான் நினைத்த இடம் காலியாகவே இல்லை.

மறுநாள் ஆறு எம்எம் ராடு வாங்கி, அகலமான இடங்களில் கீழ்ப் பாதிக்கு மட்டும் மெல்லிய கம்பிகள் வைத்தேன். மேல் பாதியில் டிரம் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை ஆடு வந்தது, முட்டிப் பார்த்தது, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு என்னைத் தேடி வருகிறவர்களிடம் முதலில் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டுகிறேன். வரைந்தால் எனக்கும் கொஞ்சம் பேச்சு வருகிறது. மயில் கேட்டால் மயில், கட்டை வைத்தே செய்கிறேன். "உனக்குத் தோணுறதைப் பண்ணு" என்று யாராவது சொன்னால் கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டின்படி கம்பி வைக்கிறேன். சத்தமாகக் கேட்பதை மட்டும் கேட்டு வேலையை ஆரம்பிக்கக் கூடாது என்பதை நான் அந்த வேல்ஸ்காரர்களிடம்தான் கற்றேன். எங்கோ இருக்கிற அவர்களுக்கு இது தெரியப்போவதில்லை. என் நன்றி இந்த ஊரில் கேட்டு கேட்டாக நிற்கிறது.

அந்தப் பக்கம் சைக்கிளில் போகும்போது ருக்மணி அம்மா வாசலில் இருந்தால், சாவிக்கொத்தை மேல் கம்பிகளில் தட்டியபடி ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை இழுப்பார்; அந்த டிரம் அடி அப்படியே கேட்கும்.

"செல்வம், உன் கத்தல்காரனுங்க வந்துக்கிறாங்க பாரு!"

நான் இறங்கி நின்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போவேன்.