சூப்பர்வைசர் பரீட்சையும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும்

1

ஆம்பூர்த் தோல் கம்பெனி ஒன்றில், செலக்ஷன் மேசையில் இருபத்திரண்டு வருடம் நின்றவன் நான். தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, கையால் தடவி, தரம் பிரிப்பது வேலை. சூப்பர்வைசர் இடம் காலியானபோது அது எனக்குத்தான் என்று நானே முடிவு செய்து, ஆளில்லாத நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்துவிட்டேன். மறுநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள்: எழுத்துத் தேர்வு. நூறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள்.

பக்கத்து மேசை தேவராஜ் எனக்கு ஏழு வருடம் ஜூனியர். இந்த மாதிரித் தேர்வுகளுக்கென்று ரிட்டயர்ட் மேனேஜர் ஒருவர் வேலூரில் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தான்.

"நீங்களும் வாங்கண்ணா. ஃபீஸ் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா மாடல் பேப்பரா போட்டுத் தள்றாரு."

"கைல தொட்டா தெரியற விஷயத்துக்கு டியூஷன் இன்னாத்துக்குடா?" என்றேன், நாலு பேர் காதில் விழும்படி.

2

சந்தேகமான தோலுக்கு அவசரப்பட்டுத் தரம் போடமாட்டோம். தனியே அடுக்கிவைத்து, கடைசியில் நிதானமாகப் பார்ப்போம். தேர்விலும் அதையே செய்தேன். சந்தேகக் கேள்விகளை ஒதுக்கிவைத்து, நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தபோது பேப்பரை வாங்கிக்கொண்டார்கள். முப்பத்தொரு கேள்வி காலி.

வெளியே தேவராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"எத்தினி வுட்டடா?"

"ஒண்ணுகூட வுடலண்ணா. தப்புக்கு மார்க் கொறைக்க மாட்டாங்க இல்ல? தெரியாததுக்கெல்லாம் 'சி' போட்டுட்டு வாங்கடான்னு சாரு சொன்னாரு."

அவன் தேறினான். அவன் கழுத்தில் நீலப்பட்டை அடையாள அட்டை தொங்கிய நாளிலிருந்து என் கழுத்துச் சிவப்புப்பட்டை அரிக்க ஆரம்பித்தது. அவனுக்கு டீ மேசைக்கே வந்தது. அதில் சர்க்கரை கம்மியாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். காசு கட்டியவன் தேறும் தேர்வு என்ன தேர்வு என்று ஆறு மாதம் கேண்டீனில் பேசினேன். நல்ல வாதங்கள்தான். இன்றும் எனக்கு அவற்றில் குறை தெரியவில்லை.

3

அடுத்த வருடம் இன்னோர் இடம் காலியானது. ஞாயிறுதோறும் வேலூர் வகுப்பில் முதல் பெஞ்ச்சில் இருந்தேன். கேட்டவர்களிடம் பல் வைத்தியம் என்றேன்.

தேர்வு நாளில் பக்கத்தில் மேரி உட்கார்ந்தாள். எங்கள் செக்ஷனிலேயே சிறந்த கை அவளுடையது. நான் முதல் தரம் என்று ஒதுக்கிய தோலில் உண்ணி கடித்த தழும்பைத் தடவிக் காட்டியவள். அதற்காக அவளை நான் மன்னித்ததில்லை. படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு ஞாயிற்றுக்கிழமை அவளால் நகர முடியாது.

"அண்ணா, தெரியாத கேள்விய இன்னா பண்றது? வுட்டுடலாமா?"

பேப்பர் கொடுக்க இன்னும் நேரமிருந்தது.

"நல்லா யோசிச்சி எழுதும்மா" என்றேன்.

அவள் யோசித்தாள். பதினெட்டுக் கேள்வி காலியாக விட்டு, நான்கு மதிப்பெண்ணில் தேர்வைத் தவறவிட்டாள். எனக்கு நீலப்பட்டை வந்தது. முதலில் கைகொடுத்தவள் அவள்தான். "உங்க சர்வீஸுக்கு இது எப்பவோ வந்திருக்கணும்ணா" என்றாள்.

புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. தேர்வு அநியாயம் என்று ஆறு மாதம் பேசியவனுக்கு, அதைக் கொஞ்சம் சரிசெய்ய அரை நிமிடம் கிடைத்தது. அவள் கேட்டதற்கு விடை எனக்குத் தெரியும். ஃபீஸ் கட்டி வாங்கிய விடை. சும்மா கொடுக்க மனம் வரவில்லை.