புரட்டாசியில் சிக்கிய கட்லா

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு மீனை நலம் விசாரிக்கப் போயிருந்தோம்.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போவார்கள். பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போவார்கள். மீனை...? அதுவும் கம்பெனி வேனில், குடும்பம் குடும்பமாக, கையில் பொரிப் பொட்டலத்தோடு? முதலிலிருந்து சொன்னால்தான் எங்கள் மனநிலையைப் பற்றி நீங்கள் தவறாக எண்ண மாட்டீர்கள்.

ஓசூரில் வால்வு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் தொழிலாளர் நல அலுவலர் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எங்களோடு பணியாற்றிய வெங்கடேசன் வேலையை விட்டுவிட்டு, சூளகிரிக்குச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் தன் நிலத்தில் காட்டேஜ்கள் கட்டினார். நெடுஞ்சாலை வேலைக்கு மண் எடுத்த பள்ளம் ஒன்று மழையில் நிரம்பி, ஒரு சிறிய ஏரியாகவே மாறியிருந்தது. அதில் கட்லாவும் ரோகுவுமாக மீன்கள் வாங்கி நீந்த விட்டார். வாசலில் ஒரு பலகை வைத்தார்: 'நீங்கள் பிடிக்கும் மீன், உங்கள் தட்டில்.'

பெங்களூர்க் கார்கள் வரிசையாக வரும் என்று எதிர்பார்த்தார். கார்கள் வந்தன — கிருஷ்ணகிரிக்கு வழி கேட்டுக்கொண்டு போயின.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நிர்வாகம், மாதம் ஒரு பிரிவினரைக் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் அனுப்பும் திட்டத்துக்கு இடம் தேடிக்கொண்டிருந்தது. ஏற்காடா? வெங்கடேசனின் ஏரியா? ஒரு குழு முதலில் ஏரிக்குப் போய்வரட்டும், அவர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்வோம் என்றார்கள். ஏற்பாடு கிடைத்தால் காட்டேஜ்கள் பிழைக்கும். கிடைக்காவிட்டால் வெங்கடேசன் பழைய வேலையைத்தான் திரும்பக் கேட்க வேண்டும். அந்த நாற்காலியிலோ ஏற்கெனவே வேறொருவர் வசதியாக அமர்ந்திருந்தார்.

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினர் முதலில் கிளம்பினார்கள்; நல அலுவலராக நானும் உடன் போனேன். அரையாண்டுக் கணக்கெடுப்புக்காக ஆலை மூடியிருந்த ஒரு சனிக்கிழமை. எங்கள் அலுவலகக் காலண்டரில் அது செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை, அவ்வளவுதான். ஊர்க் காலண்டரில்? புரட்டாசிச் சனிக்கிழமை.

வந்தவர்களில் பாதிப் பேர் பெருமாளுக்கு விரதம் இருப்பவர்கள். விரதம் தங்கள் சொந்த விஷயம் என்று அவர்கள் வாய் திறக்கவில்லை. மீதிப் பாதிப் பேர் பலகையை நம்பி வந்தவர்கள். அவர்களில் முதன்மையானவர் இன்ஸ்பெக்டர் அந்தோணி — கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்து, வால்வுகளில் ஓட்டை தேடுவதற்காக ஓசூர் வந்தவர். மதியத்துக்குள் அவருடைய தூண்டிலில் ஒரு கட்லா சிக்கியது. சாதாரண கட்லா அல்ல. அவரால் தனியாக இழுக்க முடியாமல், பக்கத்தில் நின்ற சக ஊழியர் முருகேசன் தண்ணீரில் இறங்கி அணைத்துத் தூக்க வேண்டியிருந்தது.

இருவருமாக அதை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, மாப்பிள்ளை ஊர்வலம் போலச் சமையலறைக்குக் கொண்டுவந்தார்கள். சமையல்காரர் கெம்பக்கா வாசற்படியிலேயே மறித்துக்கொண்டார்.

"ஆகல்ல சார். இந்த மாசம் மீனெல்லாம் உள்ள வராது."

வெங்கடேசன் ஓடிவந்தார். "இன்னா கெம்பக்கா, நீங்க கன்னடக்காரங்க. ஸ்ராவணம் முடிஞ்சதும் உங்க விரதம் முடிஞ்சிடும்னுதான நான் தெகிரியமா இருந்தன்?"

"ஸ்ராவணம் எங்கம்மா வீட்டுக்கு. புரட்டாசி எங்க வீட்டுக்காரருக்கு. வருசத்துல ரெண்டு மாசம் வாயைக் கட்டியாச்சு. மூணாவதா ஒரு தேவரு வந்து கேட்டார்னா, நான் அடுப்ப மூடிட்டு மடத்துக்குப் போயிடறன்."

வெங்கடேசனின் மனைவி புரட்டாசி பார்ப்பவர். ஆகவே ஸ்ராவணம் பார்க்கும் சமையல்காரர் இருந்தால் அடுப்பு வருடம் முழுவதும் அணையாது. இதுதான் வெங்கடேசன் போட்டிருந்த திட்டம். இரண்டு பஞ்சாங்கங்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழும் இந்த எல்லைப்புறத்தில் மட்டுமே ஒருவருக்கு இப்படித் தோன்றும். அவை ஒரே வீட்டுக்குள்ளேயும் குடித்தனம் நடத்தும் என்பதைத்தான் மனிதர் மறந்துவிட்டார்.

"அடுப்பு வேண்டாம். ஒரு சட்டி தாங்க, வெளிய கல்லு வச்சு நானே பொரிச்சுக்கிடுதேன்," என்றார் அந்தோணி. "எனக்க மீனைத் திங்கதுக்கு நான் எதுக்குவே நல்ல நாளு பாக்கணும்? போர்டுல மாசம் ஒண்ணும் எழுதலியே."

கேள்வி நியாயமானது. வெங்கடேசன் தயக்கத்தோடு மனைவி சரோஜாவைப் பார்த்தார். உள்ளே பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைத்துவிட்டு, நெற்றியில் நாமத்தோடு அப்போதுதான் வெளியே வந்திருந்தார் அந்த அம்மையார்.

"இங்க பாருங்க, பலகை எழுதறப்ப என்னைக் கேட்டீங்களா?" என்றார் கணவரிடம். அவ்வளவுதான்.

நான் யோசித்தேன். விருந்தினர் கேட்பதையெல்லாம் தருவதே உபசாரம் என்று வைத்துக்கொண்டால், சமைப்பவரின் நம்பிக்கை எங்கே போய் நிற்கும்? இன்று சட்டி, நாளை அடுப்பு, நாளை மறுநாள் 'வேலை வேண்டுமென்றால் செய்' என்ற கட்டளை. நெடுஞ்சாலை ஓரம் இனிமேல் வரப்போகும் விடுதிகளுக்கெல்லாம் இதுவே வழக்கமாகிவிடாதா? மறுபக்கம், எழுதி வைத்த வாக்கைக் காப்பாற்றாதவரிடம் யார் மறுமுறை வருவார்கள்? இரு தரப்பு நியாயங்களையும் தொகுத்து, கவனமாக ஒரு சமரசத்தை எடுத்துரைத்தேன்.

யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தொட்டிக்குள் துள்ளிய மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரோஜாதான் பேசினார். "அண்ணா, சமைக்கறதுதான எங்களுக்கு ஆகாது? வளக்கறது ஆகும். ஏரி மூலையில வலை கட்டி உங்க மீனை உள்ள வுட்டுடறன். ஐப்பசி பொறந்ததும் குடும்பத்தோட வாங்க. நானே கொழம்பு வெச்சுப் போடறன். இப்ப தளிகை ஆறுது, கை கழுவுங்க."

"வேற யாராச்சும் பிடிச்சுத் தின்னுட்டா?" என்றார் அந்தோணி.

"இத்தாம்பெரிய மீனைத் தின்னுட்டு எவன்ணா நடந்து வூட்டுக்குப் போவான்?" என்றார் கெம்பக்கா.

முருகேசன் சிரித்துவிட்டார். ஆனால் அந்தோணி தரக்கட்டுப்பாட்டுக்காரர்; வாய்வார்த்தையை நம்புவாரா? எங்கள் ஆலையில் முடிவு தெரியாத சரக்குக்கு மஞ்சள் அட்டை கட்டி ஓரமாக வைப்பார்கள். 'ஹோல்டு' என்று அதில் எழுதியிருக்கும். மேலிடத்து உத்தரவு வரும் வரை அந்தச் சரக்கை ஒருவரும் தொடக் கூடாது. அப்படியோர் அட்டை அவருடைய பையிலேயே இருந்தது. தேதி போட்டு, கையெழுத்திட்டு, வலை கட்டிய கம்பத்தில் தொங்கவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் சிறிய மீன்களை வலைக்குள் விட்டார்கள். பிறகு அனைவரும் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கலையும் வடையையும் ஒரு கை பார்த்தார்கள். மறுநாள் காலை ராகிக் களியும் கீரைக் கடைசலும். அந்தோணி இரண்டாம் உருண்டை கேட்டதை நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

திரும்பும் வேனில் என் சோதனை நேரம். ஏற்காடா, ஏரியா... எல்லோரிடமும் கருத்துக் கேட்க வேண்டும். மிகவும் கோபப்பட்டவரிடமிருந்தே தொடங்கினேன்.

"இதுல கேக்க என்ன சார் இருக்கு?" என்றார் அந்தோணி. "எனக்க சொத்து அங்க கிடக்கு. நான் போகாம முடியுமா?"

வேன் முழுவதும் தலையாட்டியது. எல்லோருக்கும் அங்கே சொத்து இருந்தது! ஏற்பாடு வெங்கடேசனுக்கே கிடைத்தது.

ஐப்பசியில் மற்றவர்கள் போய்த் தங்கள் மீன்களைச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அந்தோணிக்கு அப்போது ஓவர்டைம். கார்த்திகையில் அவர் தயார். ஆனால் பாதிப் பங்குக்கு உரியவரான முருகேசன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கூட்டாளியை விட்டுச் சாப்பிடலாமா? அந்தோணியே வேண்டாம் என்றார். தை மாதத்தில் நிர்வாகம் அந்தோணியைப் பயிற்சிக்காகப் புனேவுக்கு அனுப்பியது — இதில் மட்டும் எந்த மதத்துக்கும் சம்பந்தமில்லை. இதற்கிடையே எந்தப் பிரிவு போனாலும் அந்தோணியின் மீனை எட்டிப் பார்த்துப் பொரி போடுவது வழக்கமாகிவிட்டது. மீனும் அதற்கேற்ப வளர்ந்தது.

சென்ற ஞாயிறன்று அந்தோணியே நேரில் வந்திருந்தார். கெம்பக்கா அரிவாள்மணையோடு தயாராக இருந்தார்.

அந்தோணி தொண்டையைச் செருமினார். "தவக்காலம் தொடங்கியாச்சு, பாத்துக்கிடுங்க. ஈஸ்டர் வரைக்கும் எங்க வீட்டுல கவிச்சி கிடையாது."

"அப்ப சித்திரையிலயாண்ணா வருவீங்க?" சரோஜா விரல் மடக்கிப் பார்த்தார். "சித்திரையில எங்கூரு மாரியம்மனுக்குக் காப்பு கட்டிடுவாங்களே. திருவிழா முடியற வரைக்கும் யாரும் எண்ணெய்ச் சட்டியே வெக்க மாட்டாங்க."

எல்லோரும் வலைப் பக்கம் திரும்பினோம். வலைக்குள் கட்லா மேலே வந்து, ஒரு பொரியை நிதானமாக விழுங்கிவிட்டுக் கீழே போனது.

"வலையை அவுத்து விட்ருங்க," என்றார் அந்தோணி. "ஏரியில நல்லா நீந்தட்டும். எனக்க கையில மறுபடி சிக்குனா பாப்போம்."

"மாசம் பாத்துப் புடிங்கண்ணா," என்றார் சரோஜா.

மத நல்லிணக்கத்தைப் பற்றி நான் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அதனால் பயனடைந்த ஓர் உயிரை நேரில் பார்த்தது இதுவே முதல் முறை.