செங்கமலத்தின் முறை

நெய்வேலி நகரியத்தில் காக்கைகூட ஷிப்ட் பார்த்துத்தான் கரையும். காலை ஷிப்ட்காரனை எழுப்பிவிட்ட காக்கை, இரவு ஷிப்ட் முடித்துப் படுத்தவன் வீட்டு முருங்கையில் வாயைத் திறக்காது. நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த ஊரில்தான் நெடுமாறனும் செங்கமலமும் குடும்பம் நடத்தினார்கள். அவனுக்குச் சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரம் ஓட்டும் வேலை. மாடி வீட்டு உயரச் சக்கரத்தால் மேல்மண்ணை வெட்டி பெல்ட்டில் கொட்ட வேண்டும். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இவன் செருப்பைக் கழற்றும்போது அவள் மாட்டிக்கொண்டிருப்பாள். வாசற்படியில் இருவரும் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தாலும் ஒரு கல்யாணப் பத்திரிகை நிறையாது.

மிச்சத்தை அவர்கள் பேசியது 'நாற்படை'யில். மகள் இசைப்பிரியா கல்லூரியில் படிக்கையில் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த போர் விளையாட்டு அது. ஆளுக்கொரு நாடு. ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி ஆட வேண்டும். தன் படையை நகர்த்தி முடித்தவர் பொத்தானை அமுக்கினால் திரை கறுத்து, எதிராளியின் முறை என்று எழுத்து வரும். அதைத் தாண்டி உள்ளே போனால் எதிராளியின் நாடு அப்பட்டமாகத் தெரிந்துவிடும். போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

"எட்டிப் பாத்தீங்க, கண்ணு பொட்டையாப் பூடும். சொட்டு மருந்து என்கிட்ட கேக்கக் கூடாது" என்று செங்கமலம் எச்சரித்திருந்தாள்.

அவள் ஷிப்டிலிருந்து வரும்போது அவன் கிளம்பிக்கொண்டிருப்பான்.

"என்னாங்க, உங்க உப்பளத்துக் காவக்காரன் தூங்கிகினு இருக்கான். எழுப்பி வுடுங்க. நான் வரேன்."

"உன் யானை என் கோட்டைக்கு வந்து சேர்றதுக்குள்ள உனக்குப் பென்ஷனே வந்துடும் புள்ள."

செங்கமலம் போரைவிட ஏரி வெட்டுவதில் கெட்டிக்காரி. முதல் சண்டையில் கால் ஒடிந்த யானை ஒன்றுக்குப் 'பெரியாத்தா' என்று பேர் வைத்து, ஏரிக்கரையில் கட்டி, இரண்டு வைத்தியர்களைக் காவலுக்குப் போட்டிருப்பதாக அவளே சொல்லிக்கொள்வாள். "நாட்டுக்கு ராணியா, வார்டுக்கு சிஸ்டரா?" என்று நெடுமாறன் கேலி பேசுவான்.

போன ஐப்பசியில் ஒரு காலை அவன் தன் முறையை முடித்துவிட்டு, "இனிமே உன் ஷிப்டு" என்றான். தங்கை வீட்டு வளைகாப்புக்குப் பண்ருட்டி கிளம்பிக்கொண்டிருந்தவள், "வந்து வெச்சுக்கறேன் உங்களுக்கு" என்று சொல்லி பஸ் ஏறினாள். பந்தியில் உட்கார்ந்தபடியே சாய்ந்தாள். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டதாம். பிறகு அவளை ஆம்புலன்சில்தான் கொண்டுவந்தார்கள்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு நெடுமாறன் கம்ப்யூட்டரைப் போட்டான். 'செங்கமலத்தின் முறை' என்று அது சொன்னது. அணைத்தான். மறுநாளும் போட்டான். அதே சொல். தினம் ஒரு தடவை அதைப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது.

சித்திரையில் சென்னையிலிருந்து வந்த இசைப்பிரியா, "அப்பா, நாற்படை ரெண்டாம் பாகம் வந்திருக்கு" என்று அவன் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். மகள் மனம் நோகக் கூடாதென்று அவனும் திறந்தான். குறை சொல்ல முடியாத விளையாட்டு. பழையதில் யானை என்பது நிலக்கரிக் கட்டிக்குத் தும்பிக்கை முளைத்த மாதிரி இருக்கும். இதில் காதை ஆட்டியது. பழையதில் மழை என்று எழுத்துதான் வரும், இதில் பெய்தது. குதிரை வேகம், கப்பல் உண்டு, அகழி உண்டு. எதிராளி பேர் கேட்டது. வேறு பேர் அவன் அடித்துப் பழகவில்லை. செங்கமலம் என்றே அடித்தான். கோட்டைக்கு எதிரே நின்ற அவள் யானை ஒன்றைக் காயப்படுத்தித் தன் முறையை முடித்தான். இதுவும் பழையதைப் போலக் காத்துக்கொண்டிருக்கும் என்றுதான் நினைத்தான்.

இரண்டு நாள் கழித்து, இரவு ஷிப்ட் முடிந்து வந்து டீயைக் கையில் எடுத்தபோது போன் ஒளிர்ந்தது.

'செங்கமலம் ஆடிவிட்டார். உங்கள் முறை.'

"வந்துட்டியா புள்ள?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டு அடுப்படியைத் திரும்பிப் பார்த்தான். அங்கே பால் பாத்திரம் இருந்தது.

போனைத் திறந்தான். அடிபட்ட யானையை அவன் கோட்டை அகழியில் தள்ளி, அதன் முதுகை மிதித்துக்கொண்டு படை அக்கரை ஏறியிருந்தது. நல்ல ஆட்டம். செங்கமலம் ஏழு ஜென்மத்துக்கும் ஆடாத ஆட்டம்.

மகளைக் கூப்பிட்டான். "பாப்பா, உங்கம்மா பேர்ல எவனோ ஆடுறான்."

"யாரும் இல்லப்பா. ரெண்டு நாள் பாக்கும். ஆள் வரலன்னா அதுவே ஆடிடும். காத்துக்கிட்டு இருக்க வேணாம்ல, அதுக்குத்தான்."

"காத்துகினு இருந்தா அதுக்கு என்னா கேடு?"

"அம்மா பேரையாப்பா போட்டீங்க?" என்ற குரல் உடைந்தது. அவன் போனை வைத்தான். இரண்டாம் பாகத்தைப் போனிலிருந்து அழித்தான்.

அந்த வாரமே சுரங்கத்தில் அடுத்த ஷிப்டுக்கு அவனை மாற்ற வேண்டிய வைத்திலிங்கம் வரவில்லை. ரிலீவர் வராமல் இயந்திரத்தை விட்டு இறங்கக் கூடாது. நெடுமாறன் டபுள் ஷிப்ட் ஓட்டினான். மறுநாள் வைத்திலிங்கம் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, நேத்து என் ஷிப்ட்ல செம மண்ணாம்ல! போர்டுல எழுதியிருக்காங்க."

"ஓட்டுனது நானுடா, சோம்பேறி."

"நீ ஓட்டு, யார் வேணா ஓட்டட்டும். மண்ணு அந்த ஷிப்ட் கணக்குலதான சேரும்? வராதவனுது வராதவனுக்குத்தாண்ணே."

அவனை அடிக்கக் கை ஓங்கிய நெடுமாறன், ஓங்கிய கையோடு அப்படியே நின்றான்.

வீட்டுக்கு வந்து குளித்து, தூங்கி எழுந்து, கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தான். 'செங்கமலத்தின் முறை.'

"ரிலீவர் வரல புள்ள. உனக்கும் சேத்து டபுள் பாக்குறேன்" என்று சொல்லி உள்ளே போனான்.

அவள் நாடு திறந்தது. ஏரிக்கரையில் பெரியாத்தா, பக்கத்தில் இரண்டு வைத்தியர்கள். சொன்னபடியே. மலைக்கு அப்பால் கிடப்பதாக அவன் நினைத்திருந்த மற்ற யானைகளோ, தூங்குகிற காவல்காரனைத் தாண்டி, அவன் தலைநகரின் மதிலோரமாக வரிசையில் நின்றன. ஒரே அடிதான் பாக்கி. வந்து வெச்சுக்கறேன் என்று அவள் சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை.

"அடி திருட்டுக் கழுத!" என்று நெடுமாறன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு சத்தமாகிவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அந்த அடியை வைத்தால் ஆட்டம் தீர்ந்தது. அதன்பிறகு அவள் முறை என்று ஒன்று இருக்காது. யானைகளை ஒரு கட்டம் பின்னால் இழுத்துவிட்டால் இன்னும் எத்தனையோ வருடம் ஓட்டலாம். யாருக்குத் தெரியப் போகிறது? இழுக்கத்தான் கையை வைத்தான். ஜெயிக்கப் போகிறவளைக் கையைப் பிடித்து இழுப்பது போலிருந்தது. அவள் ஷிப்ட். அவள் கணக்கு.

யானைகளை முன்னால் நகர்த்தினான். மதில் விழுந்தது. அவன் கொடி இறங்கியது.

'செங்கமலம் வென்றார்' என்றது திரை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: 'அடுத்த ஆட்டத்துக்கு, வென்றவர் பொத்தானை அமுக்கவும்.'

பொத்தான் வரை போன விரலை நெடுமாறன் எடுத்துக்கொண்டான்.

ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. அணைக்காமலே எழுந்து வாசலில் செருப்பை மாட்டினான். "கோட்டைய வெச்சுக்க புள்ள. நான் போய்ட்டு வரேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினான்.